படித்து முடித்த பின் தொடங்கும் படிப்பு



நம் சங்கத்துப் பொங்கல் விழாவாகட்டும், யார் வீட்டுக் கல்யாணமாகட்டும், என்னைக் கண்டதும் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துச் சென்று, "சிஸ்டர், அப்பாவுக்குக் கிரியாட்டினின் 1.4 வந்திருக்கு, பயப்படணுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மும்பையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் டயாலிஸிஸ் பிரிவில் கழிந்தது. அந்த அனுபவத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். நோயாளிகளுக்கான அறிவுரைகள் எத்தனையோ பத்திரிகைகளில் வந்துவிட்டன. நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் நான் எழுத வந்தது.

என் குடும்பத்தில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். என் அக்காவின் கணவர் தையல் தொழிலாளி. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிஸிஸில் இருப்பவர். ஒரு மழைக்காலத்தில் அத்தானுக்குக் கடும் காய்ச்சல். வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரவு டியூட்டி நர்ஸ், அவருடைய இடது கையில் பிரஷர் பட்டையைக் கட்டி அளந்தார். அதே கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றி, பிளாஸ்திரியால் இறுக்கியும் கட்டினார். அத்தான் ஜுர மயக்கத்தில் இருந்தார். அக்காவுக்கு மராத்தி தெரியாது, இந்தியும் தட்டுத் தடுமாறித்தான் வரும். காலையில் நான் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இல்லை. ஃபிஸ்டுலா அடைத்துப் போயிருந்தது.

ஃபிஸ்டுலா என்பது கையில் உள்ள தமனியையும் சிரையையும் சிறிய அறுவை சிகிச்சையால் இணைத்து வைப்பது. தமனியின் வேகமான ரத்தம் பாய்ந்து சிரை பருத்து, சுவர் கெட்டிப்படும். அது பக்குவப்பட வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகுதான் டயாலிஸிஸ் ஊசிகளைக் குத்த முடியும். விரல் வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். அதுதான் நோயாளியின் உயிர்நாடி. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, சலைன் ஏற்றக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. காய்ச்சலில் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்போது கட்டினால் ஆபத்து இன்னும் அதிகம். அத்தானுக்குக் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டார்கள். அதில் கிருமி சேர்ந்து மறுபடியும் காய்ச்சல். பிறகு வலது கையில் புதிய ஃபிஸ்டுலா. கத்தரி பிடிக்கும் கை அது.

கோபத்தில் அந்த நர்ஸைத் தேடிக்கொண்டு போனேன். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். அழுதே விட்டாள். பிரசவ வார்டிலிருந்து ஆள் குறைவென்று அன்றுதான் மாற்றியிருந்தார்கள். படிக்கும் காலத்தில் டயாலிஸிஸ் பிரிவை ஒரு முறை சுற்றிப் பார்த்ததோடு சரி. அதன் பிறகு அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அவளைத் திட்டி என்ன பயன்?

தொடர் கல்வி எதற்கு?

டாக்டரோ நர்ஸோ டெக்னீஷியனோ, பட்டம் வாங்கிய நாளோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. வேலையில் இருந்துகொண்டே புதியதைக் கற்பதையும், பழையதைப் புதுப்பித்துக் கொள்வதையும் தொடர் கல்வி என்கிறோம். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'சி.எம்.இ.' என்பார்கள். எல்லாத் துறைக்கும் இது தேவைதான். ஆனால் சிறுநீரகத் துறை மிக இளையது, மிக வேகமாக மாறுவது.

வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தியது 1943-ல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாக வைக்கும் குழாயை உருவாக்கியது 1960-ல். அதற்குப் பிறகுதான் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிஸிஸ் செய்ய முடிந்தது. ஃபிஸ்டுலா முறை 1966-ல் வந்தது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் நடந்தது. ஆக, இந்தத் துறை முழுவதும் ஒரே ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர், அன்று படித்ததையே வைத்துக்கொண்டு இன்று வைத்தியம் பார்க்க முடியாது.

குடும்ப டாக்டர்

முதலில் அந்த 1.4 கணக்கைப் பார்ப்போம். வெறும் கிரியாட்டினின் எண்ணைப் பார்த்து, "கொஞ்சம்தான் கூட இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. இன்று வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். 2021-ல் திருத்தப்பட்ட சூத்திரத்தின்படி, 25 வயது இளைஞருக்குக் கிரியாட்டினின் 1.4 என்றால் திறன் 70-க்குச் சற்று மேல் இருக்கும். அதே 1.4 எழுபது வயதுப் பாட்டிக்கு வந்தால் திறன் 40 அளவுதான். எண் ஒன்றே, நிலைமை வேறு. இது தெரியாத டாக்டர், மூட்டு வலி என்று வரும் அந்தப் பாட்டிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்துவிடுவார். அது மிச்சமிருக்கும் திறனையும் அரித்துவிடும்.

மருந்திலும் இதே கதை. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்க லோசார்டான் வகை மருந்து உதவும் என்று 2001-ல் நிரூபணமானது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை. சர்க்கரையைக் குறைக்க வந்த டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகள், சிறுநீரகம் பழுதாகும் வேகத்தையும் குறைக்கின்றன என்று 2019, 2020-ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. 2020-ல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் இந்தியக் கம்பெனிகள் மலிவாகவே தயாரிக்கத் தொடங்கின. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! தெரிந்த டாக்டரிடம் போனவருக்குச் சில ஆண்டுகள் டயாலிஸிஸ் தள்ளிப் போகலாம்.

டெக்னீஷியனும் தண்ணீரும்

டயாலிஸிஸ் அறையில் யாரும் கவனிக்காத மனிதர் டெக்னீஷியன். யாரும் கவனிக்காத பொருள் தண்ணீர். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் தண்ணீர் நோயாளியின் ரத்தத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் ஓடுகிறது. நாம் குடிக்கும் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், டயாலிஸிஸில் ரத்த அணுக்களையே உடைத்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கரித் தொட்டி வழியாகவும், பிறகு ஆர்.ஓ. சாதனம் வழியாகவும் விடுகிறார்கள். கரித் தொட்டி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் முதல் நோயாளிக்கு முன்பே சோதிக்க வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயர உதாரணம் உண்டு. 1996-ல் பிரேஸில் நாட்டின் கருவாரு நகரில் ஒரு டயாலிஸிஸ் நிலையத்துக்கு லாரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணீரில் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. சுத்திகரிப்பு போதவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்குவதையும், கோடையில் டாங்கர் லாரி வருவதையும் அறிந்த நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஒரு முறை படித்துத் தேறிவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடிய வேலையா இது?

நர்ஸும் கையுறையும்

டயாலிஸிஸ் பிரிவில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமிகளான 'பி'யும் 'சி'யும் பரவும் அபாயம் எப்போதும் உண்டு. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் முன் கையுறையை மாற்றிக் கை கழுவுவதுதான் முதல் தற்காப்பு. இது தெரியாத நர்ஸ் இல்லை. ஆனால் இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அலறும்போது கை தானாக மறந்துவிடும். ஆகவே தொடர் கல்வி என்பது புதியதைச் சொல்வது மட்டுமல்ல, தெரிந்ததைக் கைப்பழக்கமாக்குவதும்தான். மற்றவர்களைவிட டயாலிஸிஸ் நோயாளிக்கு 'பி' தடுப்பூசியின் அளவு இரு மடங்கு வேண்டும் என்பதும், 'சி' வகைக்கு 2013-க்குப் பின் வந்த மாத்திரைகளால் பெரும்பாலோர் மூன்றே மாதத்தில் குணமாகிறார்கள் என்பதும் எங்கள் காலத்துப் பாடப் புத்தகத்தில் இல்லாதவை. நான் இவற்றைப் பணியில் இருக்கும்போது வகுப்புகளில்தான் கற்றேன்.

உணவு ஆலோசகரும் நம் ரசமும்

மும்பையில் உணவு ஆலோசகர் எழுதித் தரும் பட்டியலில் ரொட்டியும் தாலும் இருக்கும். நம் சமையல் அதில் இருக்காது. "தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம்" என்றால் நம் வீட்டுப் பெரியவர், தண்ணீரைக் குறைத்துக்கொண்டு ரசத்தையும் மோரையும் டம்ளர் டம்ளராகக் குடிப்பார். அதுவும் கணக்கில் சேரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சூடு தணியட்டும் என்று அன்போடு வாங்கிக் கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டயாலிஸிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். காய்கறியை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நாமோ சத்து போய்விடும் என்று அந்த நீரையே ரசத்தில் சேர்ப்போம்! டயாலிஸிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொன்னவர்களே, தொடங்கிய பின் கூட்டச் சொல்வார்கள். காரணத்தைச் சொல்லாவிட்டால் குடும்பம் குழம்பிப் போகும். பல மாநிலத்தார் வாழும் ஊரில், பல வீட்டு அடுக்களைகளைத் தெரிந்துகொள்வதும் ஆலோசகரின் தொடர் கல்வியில் ஒரு பாடம்.

சட்டமும் நடைமுறையும்

டாக்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நர்ஸுகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரம் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. டயாலிஸிஸ் டெக்னீஷியன்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021-ல் சட்டம் வந்தது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிஸிஸ் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்தை வாங்குவது சுலபம், அதை இயக்கும் கைகளைப் பழக்குவதற்குத்தான் காலம் வேண்டும்.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். பெரிய ஓட்டலில், மருந்துக் கம்பெனி செலவில், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு எழும் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே மணிக்கணக்கு ஏறும், அறிவு ஏறாது. எங்கள் பிரிவில் எனக்குப் பலன் தந்தது வேறு. வாரம் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், அரை மணி நேரம் ஒரே ஒரு பாடம். ரப்பர்க் கையில் ஊசி குத்திப் பழகுவோம். 'இப்போது பிரஷர் திடீரென்று இறங்கிவிட்டது, என்ன செய்வாய்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். போன மாதம் எத்தனை பேருக்குக் குழாயில் கிருமி சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போம். இந்த அரை மணி நேரம் டயாலிஸிஸ் பிரிவுக்குள் மட்டும் நின்றுவிடாமல் காய்ச்சல் வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் போயிருந்தால், அத்தானின் கை தப்பியிருக்கும்.

நாம் செய்யக் கூடியது

நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்த நகரில் நர்ஸுகளாக இருக்கிறார்கள். டெக்னீஷியன் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கிளம்பினால், 'இருக்கிற ஒரு லீவிலும் என்ன படிப்பு?' என்று தடுக்காதீர்கள். நோயாளியின் குடும்பத்தாரோ, தயங்காமல் கேளுங்கள்: தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? புதிதாக வந்தவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? மரியாதையாகக் கேட்டால் நல்ல நிலையத்தார் கோபிக்க மாட்டார்கள்.

2006 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக தினம். அதையொட்டி வரும் ஞாயிறன்று நம் சங்கத்து மண்டபத்தில், அக்கம்பக்கத்துச் சிறு மருத்துவமனைகளின் நர்ஸுகளை அழைத்து அரை நாள் வகுப்பு நடத்தலாம். பாடம் எடுக்க நான் தயார். காபிச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டால் போதும்.

அத்தான் இப்போது வலது கை ஃபிஸ்டுலாவோடு மெதுவாகத் தைக்கிறார். முதலில் அவர் தைத்தது ஒரு சிவப்புத் துணிப் பட்டை. 'இந்தக் கையில் ஊசி வேண்டாம், பிரஷர் வேண்டாம்' என்று மராத்தியிலும் இந்தியிலும் அதில் நூலால் எழுதியிருக்கிறார். டயாலிஸிஸுக்கு வரும் மற்றவர்களும் கேட்டதால் இதுவரை நாற்பதுக்கு மேல் தைத்துக் கொடுத்துவிட்டார். காசு வாங்குவதில்லை. முதல் பட்டைகளில் ஒன்றை அந்தச் சின்ன நர்ஸுக்கு அனுப்பிவைத்தார். தன் வார்டில் புதிதாக வரும் பெண்களுக்கு அதைக் காட்டித்தான் அவள் முதல் பாடம் நடத்துகிறாளாம்.