மிக்ஸி ஜார் எந்த ஸ்டீல்? பில்லில் எழுதி வாங்குங்கள்

மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் ஏதாவது ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் போய், ஜார் அடியில் ஒழுகுகிறது என்று சொல்லிப் பாருங்கள். புஷ்ஷும் பிளேடும் மாற்றித் தரலாம், இல்லாவிட்டால் புது ஜாரே வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். கம்பெனி ஜார் ஒரு விலை. பக்கத்திலேயே பளபளவென்று தொங்கும் பெயரில்லாத ஜார் அதைவிட மிகக் குறைந்த விலை. "இதுவும் நல்ல ஸ்டீல்தான், மேக்னட் ஒட்டாது பாருங்க" என்று காந்தத்தை வைத்தும் காட்டுவார்கள். ஒட்டாது. நாமும் நம்பி வாங்கி வருவோம். சில மாதம் புளிச் சட்னியும் இட்லி மாவும் அரைத்த பிறகு, அடிப்பக்கம் புஷ்ஷைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும்.

அந்தக் காந்தச் சோதனையை நம்பித்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். அதற்கு மேல் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து ரகம் மாறும். 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-இல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து, 7.5 முதல் 10 சதவீதம் வரை மாங்கனீசு சேர்க்கிறார்கள். சந்தையில் ஜே4 என்று சொல்லப்படும் ரகத்தில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், குரோமியமும் குறைவு. இந்த மூன்றிலும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து அது 304 என்று சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு, அசல் 304 தகட்டையே ஆழமாக அழுத்தி ஜாராக்கினால் வளைவுகளில் காந்தம் லேசாக இழுக்கும்.

மாங்கனீசு ரகம் வந்ததற்குக் காரணம் விலை. நிக்கல் விலை உயர்ந்தது, நம் நாட்டுக்குப் பெரும்பாலும் இறக்குமதியாகத்தான் வருகிறது. 202 விற்பது குற்றம் இல்லை. மிக்ஸியின் வெளி மூடிக்கும் தண்ணீர் படாத அலமாரிக் கைப்பிடிக்கும் அது தாராளமாகப் போதும். 202-ஐக் கொடுத்துவிட்டு 304-க்கான பணத்தை வாங்குவதுதான் குற்றம்.

எல்லாப் பாகத்துக்கும் 304-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியல்ல. மிக்ஸி பிளேடில் காந்தம் ஒட்டினால் பதற வேண்டாம். முனை மழுங்காமல் இருக்கக் கடினம் வேண்டும். அதற்குப் பொதுவாக 420 போன்ற ரகத்தைச் சூடாக்கிக் கடினப்படுத்துகிறார்கள். அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். ஈரத்தோடு கிடந்தால் துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து வைக்க வேண்டியது நம் வேலை. இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடிப்பக்கம் 430 போன்ற காந்தம் ஒட்டும் ரகமாக இருந்தால்தான் சூடேறும். ஆனால் ஜாரின் உட்புறம், வெட் கிரைண்டரின் டிரம், இட்லித் தட்டு என்று புளிப்பும் உப்பும் மணிக்கணக்கில் தங்கும் இடங்களுக்கு 304 கேளுங்கள். கீசர் டாங்க் இன்னும் கடுமையான இடம். சூடும் தண்ணீரில் உள்ள குளோரைடும் சேர்ந்தால் 304-லேயே வெல்டிங் ஓரம் விரிசல் விடலாம். டாங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வரும் சொசைட்டிகளில் மாலிப்டினம் சேர்ந்த 316 டாங்க், அல்லது மக்னீசியம் ஆனோடு வைத்த கண்ணாடிப் பூச்சு டாங்க் நல்லது.

புகார் கொடுக்கும் முன்பு ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு, அவை துருப்பிடிப்பதைப் பார்த்துப் பாத்திரமே துருப்பிடித்தது என்று நினைப்போம். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் அது போய்விடும். தேய்த்த பிறகும் ஊசி குத்தியது போல் சின்னக் குழி தெரிந்தாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கறை வந்தாலோ சந்தேகப்படலாம். பிளீச்சிங் திரவத்தில் ஊற வைப்பதும், குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அப்படியே வைப்பதும் 304-ஐயும் குழியாக்கும். அப்படிச் செய்திருந்தால் கடைக்காரர் மேல் பழி போட முடியாது.

உடம்புக்கு என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். மாங்கனீசு ரகப் பாத்திரம் விஷம் என்று பரப்பப்படும் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அரிபடும் உலோகத்திலிருந்து அதிக உலோகம் உணவில் இறங்கும், குழிகளில் அழுக்கும் தங்கும். துரு கண்ட ஜாரில் குழந்தைக்கு உணவு அரைக்காதீர்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், ரகம், கலவை ஆகியவற்றைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. "ஃபுட் கிரேட்" என்பது ரகம் இல்லை, எண்ணைக் கேளுங்கள். 304 என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம், பில்லில் "எஸ்.எஸ். 304" என்று இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. நம் ஊர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆலைக்குக் குழாயோ தகடோ வாங்கும்போது உலோகக் கலவையைக் காட்டும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பார்கள். அதே ஊழியர் வீட்டுக்கு ஜார் வாங்கும்போது காந்தத்தோடு திருப்தி அடைவதுதான் வருத்தம்.

பில்லைத் தவிர, சில பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உதவும். குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரங்களுக்கும் முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024 மார்ச்சில் வந்தது. முத்திரையின் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஆனால் பாத்திரத்துக்கு வந்த ஆணை ரிப்பேர் கடையில் தனியாகத் தொங்கும் ஜாருக்கும் காவல் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அங்கே நமக்கு ஆதாரம் பில் மட்டுமே.

சந்தேகம் வந்தால் பழைய உலோகம் வாங்கும் கடைக்குப் போங்கள், அங்கே ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். 9 வோல்ட் பேட்டரியோடு அதைத் தகட்டில் வைத்தால், மாங்கனீசு ரகத்தில் சொட்டு சிவக்கும். வீட்டளவில் தெரிந்துகொள்ள இது போதும்; வழக்குக்குப் போதாது. அதற்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும். ஒரு ஜாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கிரைண்டருக்கும் கீசருக்கும் தயங்காதீர்கள்.

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மாட்டுங்காவில் வாங்கியிருந்தாலும், கோயம்புத்தூரிலிருந்து ஆன்லைனில் வரவழைத்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தானே மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் செலவை முதலில் நாம் கட்ட வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், 1975 முதல் இயங்கும் நுகர்வோர் அமைப்பான மும்பை கிராஹக் பஞ்சாயத்தை அணுகலாம்.

பழுதான ஜாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பில்லைப் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பல கடைகளில் தரும் பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். எண்ணை எழுதித் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் திரும்பி வாருங்கள்.