முத்திரையைப் பார்க்குமுன் ஒளியைப் பாருங்கள்

உங்கள் முன் உயர்ந்த விலையில் இரண்டு பைனாகுலர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஜெர்மனியில் செய்தது; மற்றது சீனாவில் செய்தது. எதை எடுப்பீர்கள்? கண்ணில் வைத்துப் பார்க்குமுன்பே பலரின் கை ஜெர்மனியை நாடும்!

வேடிக்கையைக் கேளுங்கள். பிரிட்டிஷ் சரக்கைப்போல் பெயர் தாங்கிவரும் அயல்நாட்டுப் பொருள்களில், அவை உற்பத்தியான நாட்டையும் பொறிக்கவேண்டும் என்று 1887-இல் பிரிட்டன் சட்டம் செய்தது. மட்டமானது என்று கருதப்பட்ட ஜெர்மன் சரக்கை மக்கள் இனம்கண்டு ஒதுக்கட்டும் என்பதே எண்ணம். ஆனால் 1894-இல் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனம், இயற்பியலறிஞர் அபேயின் ஆய்வைக் கொண்டு முப்பட்டகப் பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய பொருள்களால், இகழ்ச்சிக்காக இட்ட முத்திரையே புகழ் முத்திரையாயிற்று! இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியச் சரக்கும் இவ்வாறே மதிப்புப் பெற்றது. பின்னர் ஸைஸ் பெயரிலேயே ஜப்பானிலும் சீனாவிலும் செய்த பைனாகுலர்கள் வெளிவந்தன.

ஆகவே நீங்களே சோதியுங்கள். 8×40 பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் பக்கம் வேண்டாம். கண்ணருகு வில்லையில் 40÷8, அதாவது 5 மில்லிமீட்டர் ஒளிவட்டம் தெரியும். அதன் ஓரங்கள் வெட்டுப்பட்டு மங்கலாயிருந்தால், உள்ளே முப்பட்டகத்தில் ஒளி வீணாகிறது என்று பொருள்.

நாட்டின் பெயரை அதன்பிறகு படியுங்கள்.