200 கேள்விகளும் ஒரு லாங் கேஸும்

இந்தியாவில் மருத்துவம் படிப்பவர் ஒரே பாடத்தை இரண்டு முறை, இரண்டு விதமாகத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் நோயாளியின் கட்டிலருகே நின்று லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா என்று பேசித் தேற வேண்டும். அது முடிந்து ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு ஓடிய கையோடு, நோயாளியே இல்லாத அறையில் கணினி முன் அமர்ந்து, முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் பி.ஜி. எழுத வேண்டும். முதலாவதற்குக் கையும் காதும் பழகியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு நினைவும் வேகமும் வேண்டும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியே படிப்பது வழக்கமாகிவிட்டது. அதில் பாதி வீண் உழைப்பு என்பது ஒரு பொது மருத்துவ வார்டைச் சுற்றிவந்தால் தெரியும்.

பெங்களூரு சிவாஜிநகர் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள பௌரிங் அண்ட் லேடி கர்ஸன் மருத்துவமனை அப்படிப்பட்ட வார்டுகளைக் கொண்டது. மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பெந்தாம் பௌரிங்கின் பெயரைத் தாங்கும் இது, 1868இல் கன்டோன்மென்ட்டின் சிவில் மருத்துவமனையாகத் தொடங்கியது. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனையை மாதிரியாகக் கொண்டு, வார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்படி கட்டப்பட்டது. பெண்களுக்கான லேடி கர்ஸன் பிரிவு பிற்பாடு வந்தது. பெங்களூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நெடுங்காலம் போஸ்டிங்குக்கு வந்துபோன இந்த வளாகத்தில் இப்போது அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் தனிக் கல்லூரியே இயங்குகிறது. மாணவர்களுக்குத் தேர்வு நடத்துவது 1996இல் அமைந்த ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம்.

இங்கு வரும் நோயாளிகள் தமிழும் தக்கனி உருதும் கன்னடமும் பேசுகிறார்கள். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலப்பவர்களும் உண்டு. லாங் கேஸில் பாதி மதிப்பு நோய் வரலாற்றில் இருப்பதால், வேற்றூர் மாணவருக்கு முதல் பாடம் மொழியாகவே அமைகிறது. 2019 முதல் நடைமுறையில் உள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் தொடக்க அறிமுக வகுப்பிலேயே உள்ளூர் மொழிக்கு இடம் ஒதுக்கியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

லாங் கேஸின் ஒழுங்கு பழையது. நோயாளியின் தொல்லைகள் கால வரிசையில், அவர் சொன்ன சொல்லிலேயே வர வேண்டும். அடுத்து முன்பு வந்த நோய்கள், குடும்பம், பழக்கவழக்கம். பிறகு பொதுப் பரிசோதனை: வெளிறல், மஞ்சள், நீலம் பாய்தல், நகம் பருத்தல், நெறிக்கட்டி, வீக்கம். கடைசியில் பார்த்தல், தொட்டறிதல், தட்டிப் பார்த்தல், கேட்டல் என்ற நான்கு படிகள். தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் இருந்த அவுன்பிருகர் 1761இல் எழுதினார். ஸ்டெதாஸ்கோப்பை லேனெக் 1816இல் பாரிஸில் கண்டுபிடித்தார். எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் தேர்வாளர்கள் இந்த வரிசையைக் கைவிடவில்லை. கைவிடாதது சரியே. எந்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது இந்த அரை மணி நேரம்தான்.

ரிவிஷன் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஹாரிசன், டேவிட்சன் போன்ற பெரிய நூல்களும் பயிற்சி நிலையங்களின் குறிப்பேடுகளும் பெரும்பாலும் நோயின் பெயரை வைத்தே அத்தியாயம் பிரிக்கின்றன. நோயாளி நோயின் பெயரோடு வருவதில்லை. மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். எனவே கடைசிச் சில மாதங்களில் தொல்லையை வைத்துப் படிப்பதே பலன் தரும்.

மூச்சுத் திணறலையே எடுத்துக்கொள்ளலாம். நிமிடங்களில் வந்ததென்றால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி, ஆஸ்துமா, இடது இதயச் செயலிழப்பு ஆகியவை முன்னுக்கு வரும். சில நாட்கள் என்றால் நிமோனியாவும் நெஞ்சில் நீர் கோத்தலும். மாதக் கணக்கில் என்றால் ரத்தசோகை, சி.ஓ.பி.டி., நாட்பட்ட இதயநோய். படுத்தால் கூடுகிறதா, நள்ளிரவில் எழுப்பிவிடுகிறதா என்ற இரண்டு கேள்விகள் இதயத்தின் பக்கம் கை காட்டிவிடும். அடுத்து மூச்சுக்குழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கழுத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நீரும் காற்றும் நிறைய இருந்தால் அதை எதிர்ப்பக்கம் தள்ளும். சுருங்கிய நுரையீரலும் தழும்பேறிய நுரையீரலும் தம் பக்கம் இழுக்கும். நிமோனியாவில் அது நடுவிலேயே நிற்கும். தட்டினால் நீர் கல்லைத் தட்டியது போல் மந்தமாகவும், காற்று வெறும் பானையாகவும் ஒலிக்கும். இவ்வளவுதான் அந்த ஷார்ட் கேஸ்.

நெஞ்சில் நீர் கோத்த அதே நோயாளி நீட் பி.ஜி.யில் நான்கு கேள்விகளாக மாறுகிறார். எக்ஸ்ரேயில் பக்கக் கோணம் மங்கிய படம் ஒன்று. எடுத்த நீர் எந்த வகை என்பது இன்னொன்று: நீரிலுள்ள புரதம் ரத்தத்திலுள்ளதில் 0.5 பங்குக்கு மேலோ, எல்.டி.எச். 0.6 பங்குக்கு மேலோ, அல்லது எல்.டி.எச். இயல்பின் மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலோ இருந்தால் அது எக்ஸுடேட் என்பது 1972இல் வந்த லைட் அளவுகோல். லிம்போசைட்டுகளும் உயர்ந்த ஏ.டி.ஏ.வும் சேர்ந்திருந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். நான்காவது கேள்வி மருந்து. ஒரு நோயாளியைச் சரியாகப் பார்த்தவருக்கு இவை நான்கும் ஒரே கோர்வை. தனித்தனியாக மனப்பாடம் செய்தவருக்கு நான்கு சுமைகள்.

மருந்துக் கேள்வியில் இன்னொரு பொறி உண்டு. சீனியர்கள் விட்டுச்சென்ற பழைய பதிப்புகளில் காசநோய்க்குத் தொடர் கட்டத்தில் இரண்டு மருந்துகள், வாரம் மூன்று நாள் என்று இருக்கும். தேசியத் திட்டத்தில் இப்போது முதல் இரண்டு மாதம் தினமும் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் தினமும் மூன்று. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு ஆறு மாத பி.பால்.எம். சிகிச்சையை மத்திய அரசு 2024இல் ஏற்றது. நோயறியும் அளவுகோல்களும் இப்படியே மாறுகின்றன. வாதக் காய்ச்சலுக்கான ஜோன்ஸ் அளவுகோல் 1944இல் வந்தது. அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், நோய் மலிந்த நாடுகளில் ஒரே மூட்டு வீக்கத்தையும் முக்கிய அடையாளமாகக் கணக்கில் கொள்கிறது. இந்தியக் குழந்தைக்குப் பழைய அளவுகோலைப் போட்டால் தேர்வில் மட்டுமல்ல, வார்டிலும் பிழை.

எத்தனை முறை படிப்பது என்பதைவிட எப்படித் திருப்புவது என்பது பெரிய கேள்வி. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மஞ்சள் மையால் கோடு போட்டு நான்காம் முறை வாசிப்பது தெம்பு தரும். மதிப்பெண் தருவது சந்தேகம். வார்டில் யூனிட் தலைவர் கேஸ் கேட்கும்போது நடப்பதும் புத்தகத்தை மூடிய தேர்வுதான். அதனால்தான் அங்கே திட்டு வாங்கிய விஷயம் மறப்பதில்லை.

இரண்டு தேர்வுகளையும் இணைக்கும் முயற்சி அரசிடமும் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வை முன்வைத்தது. 2023 ஜூனில் விதிகள் வந்தன. முதல் படி கொள்குறி வினாக்கள், இரண்டாம் படி நேரடிப் பரிசோதனைத் திறன். அடுத்த மாதமே அது தள்ளிவைக்கப்பட்டது. யோசனை நல்லது; ஆயிரக்கணக்கானோரை நாடெங்கும் ஒரே தரத்தில் கட்டிலருகே சோதிப்பதுதான் கடினம். அமெரிக்காவும் நடிப்பு நோயாளிகளை வைத்து நடத்திய திறன் தேர்வை 2021இல் நிறுத்திவிட்டது.

ஆகவே முதுநிலைச் சேர்க்கைக்கு இன்றைய மாணவருக்கு மிஞ்சுவது கணினி அறைதான். அங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நீட் பி.ஜி.யில் 200 கேள்விகளுக்கு 800 மதிப்பெண். 2024 முதல் தாள் ஐந்து பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 40 கேள்விகளுக்கு 42 நிமிடம். நேரம் முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. எனவே கடினமானதைக் கடைசிக்கு ஒதுக்கும் பழைய பழக்கம் அந்தப் பகுதிக்குள் மட்டுமே செல்லும். சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவது 1. நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சும். ஒரு விடையை நீக்க முடிந்தால் ஆதாயம் இன்னும் கூடும். எய்ம்ஸ் நடத்தும் ஐ.என்.ஐ. செட்டில் சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு. அங்கே கண்மூடித்தனம் சராசரியில் பூஜ்யம், ஒரு விடையையாவது நீக்கினால்தான் லாபம். வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ.யில் 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. தவறுக்குக் கழிவே கிடையாது. அந்தத் தாளில் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக்கூடாது.