மூதாதையரைத் தேடுவார்க்கு ஏற்ற பரிசு

மாணவர்களே! "நம் பாட்டனாரின் பாட்டனார் யார்? எவ்வூரிலிருந்து வந்தார்?" என்று ஓயாது வினவும் ஒருவர் நம் உறவினருள் இருக்கக்கூடும். அவருக்குப் பரிசளிக்க விரும்பினால் எதனைத் தேர்ந்தெடுப்பது? தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதிக் கடற்கரையூராகிய பெரியதாழையில் அவர் வாழ்வதாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற இக்கரையின் பரதவர் 1530-களில் பெருந்தொகையினராய்க் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். ஞானஸ்நானத்தின் வழியே வந்த பெர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாடோ முதலிய போர்த்துக்கேயப் பெயர்கள் குடும்பப் பெயர்களாய் நிலைத்தன. இரத்தத் தொடர்பில்லாத பல குடும்பங்களும் ஒரே பெயரைத் தாங்கலாயின. ஆதலால் பெயரொற்றுமையை மட்டும் கொண்டு உறவென்று முடிவு கட்டலாகாது.

பின் எதனைக் கொண்டு அறிவது? ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பங்குகள்தோறும் பதிவு செய்யவேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைத் தரும் இத்தகைய பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில் அமைந்தவை. 'பிலியுஸ்' என்றால் மகன், 'பிலியா' மகள், 'உக்சோர்' மனைவி. இத்தகைய சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதிய சிறு கையேடும், நல்லதோர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பயனுள்ள பரிசுகளாம். ஏட்டைப் பார்க்கப் பங்குக் குருவின் இசைவு பெறுதல் முறை.

எனினும், ஏடு எல்லாவற்றையும் கூறாது. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியும் பட்டப்பெயர் எது? கொழும்புக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டவர் யார்? இவற்றை முதியோரே அறிவர். ஏடு நாளையும் கோயிலில் இருக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டியின் நினைவு நாளை இருக்குமென்று யார் உறுதி கூறுவர்? ஆகவே விரைவில் அழியக்கூடியதை முதலில் காப்பதே சிறந்த பரிசு.

பாட்டியிடம் அமர்ந்து, அவர் இசைவுடன் குரலைப் பதிவு செய்து, எழுத்திலும் வடித்துக் கொடுங்கள். ஆண்டைக் கேட்டால் அவர் திகைப்பார். "1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்னரா, பின்னரா?" என்று கேட்டால் விடை வரும். சொன்னவர் பெயர், சொன்ன நாள், அவர் கண்டதா கேட்டதா என்பவற்றையும் குறித்திடுக.

அடுத்தது நிழற்படம். கடற்கரையின் ஈரக்காற்று படங்களை எளிதிற் கெடுக்கும். படியெடுத்து, மூலப்படத்தை அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்தளிக்கலாம். படத்திலிருப்பவர் பெயர்களைப் பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. மை முன்புறம் ஊறக்கூடும். பசையிட்டு ஒட்டுவதும் பிளாஸ்டிக் தாளிட்டு வெப்பத்தால் மூடுவதும் கூடா.

தவிர்க்கவேண்டிய பரிசும் ஒன்றுண்டு. ஊகத்தால் நிரப்பி, அழகிய சட்டமிட்ட வமிசமரமே அது. சுவரில் தொங்கும் பிழையை அடுத்த தலைமுறை மெய்யென நம்பிவிடும். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவற்றுக்குச் செலவு சிறிதே. வேண்டுவன பொறுமையும் சில மாலைப்பொழுதுகளுமே. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவரிடமிருந்து இப்பணியைத் தொடங்குங்கள்.