விற்றவர் தந்த உறுதியும் வாங்கியவர் கொண்ட உரிமையும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், எங்கள் மஹல்லாவைச் சார்ந்த அன்பர் ஒருவர் என்னருகே வந்தமர்ந்தார். வளைகுடா நாட்டில் 22 ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். ஊர் வந்ததும், ஐந்தாண்டு ஓடிய ஜெர்மானியச் சொகுசுக் கார் ஒன்றைத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார். "இன்னும் ஓராண்டு வாரண்டி இருக்கிறது பாய், ஒரு ரூபாய் செலவு வராது" என்று விற்றவர் உறுதி கூறி, அதற்குரிய தாளையும் கையில் கொடுத்தாராம். மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தபோது, நிறுத்தி வைத்த கார் முன்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்து தரையை ஒட்டி நின்றது.

இத்தகைய கார்கள் சிலவற்றில் இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று கசியத் தொடங்கினால், அதை ஈடுசெய்யக் கம்பிரஸர் ஓயாமல் ஓடி, முடிவில் அதுவும் எரிந்துபோகும். இவருக்கு நேர்ந்தது அதுவே. ஒர்க்‌ஷாப்பில் லட்சக்கணக்கில் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வாரண்டித் தாளை நீட்டியபோது மூன்று காரணம் கூறி மறுத்துவிட்டார்கள். தாள் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது; தவணைப்படி செய்ய வேண்டிய சர்வீஸ் ஒன்று வெளியிடத்தில் செய்யப்பட்டிருக்கிறது; ரப்பர்ப் பை தேய்மானப் பொருளாதலின் கணக்கில் வராது.

அவர் கையில் இருந்த ரொக்கமோ, தம் தாயாரை ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்ல ஒதுக்கிய பணம். தரகர் ஒருவர் வேறு வழி காட்டியிருக்கிறார். பையைத் தற்காலிகமாக ஒட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்து, வாரண்டி இருக்கிறதென்று சொல்லி அடுத்தவருக்கு விற்றுவிடுங்கள் என்பதே அந்த வழி.

"ஹஜ்ரத், விற்றவரிடம் நான் நியாயம் கேட்கலாமா? இனி ஒரு வண்டி வாங்கினால், இந்த நீட்டிப்பு வாரண்டிக்குப் பணம் கட்டுவது கூடுமா?" என்று வினவினார். தரகர் சொன்னதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. தலைகுனிந்து சொல்லி மட்டும் வைத்தார். நானும் அப்போது அதற்கு விடை கூறவில்லை.

முதலில் அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். சிறிய எழுத்தில் பல பக்கங்கள். கண்ணாடியை இருமுறை துடைக்க வேண்டியதாயிற்று. நம் மக்கள் மூன்று வெவ்வேறு உறுதிகளை ஒன்றென்று எண்ணி இடர்ப்படுகின்றனர். புதிய காருடன் உற்பத்தியாளர் தரும் வாரண்டி ஒன்று. அதற்குத் தனி விலை கிடையாது, காரின் விலையிலேயே அடங்கியது. அது முடியும் முன்னர் வேறாகப் பணம் கட்டி மேலும் சில ஆண்டுகளுக்குப் பெறுவது நீட்டிப்பு வாரண்டி. மூன்றாவது இன்ஷூரன்ஸ். முதலிரண்டும் வண்டியின் உள்ளிருந்து எழும் பழுதுக்கு உரியவை. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் என வெளியிலிருந்து வரும் கேடு இன்ஷூரன்ஸின்பாற்பட்டது.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, இவ்வேறுபாட்டை அறியாதோர் பெரும் பொருளை இழந்தனர். நீரில் நின்ற காரைச் சாவி திருப்பி இயக்கினால், எஞ்சினுக்குள் புகுந்த நீர் அமுங்காது. இரும்புத் தண்டே வளைந்துவிடும். அதை வாரண்டி ஏற்காது. சாதாரண இன்ஷூரன்ஸும், எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு சேர்த்திராவிடில், பெரும்பாலும் ஏற்காது. நீரில் நின்ற வண்டியை இயக்காமல் இழுத்துச் செல்வதே அறிவுடைமை.

நீட்டிப்பு வாரண்டியில் உறுதி கூறுபவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உற்பத்தியாளரா, விற்பனை முகவரா, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வேறொரு நிறுவனமா? முகவர் கடையை மூடிவிட்டுப் போனால் அவர் தந்த தாளை யாரிடம் நீட்டுவது? பிரேக் பேட், டயர், வைப்பர், எண்ணெய் போன்றவை ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் விலக்கப்பட்டவை. ரப்பர் உறுப்புகள், மின்கலம் ஆகியவற்றில் தாளுக்குத் தாள் வேறுபாடு உண்டு. சொகுசுக் காரில் செலவு மிகுந்த பழுதுகள் பல இந்த இடத்தில்தான் நேர்கின்றன. ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பும், முதல் இவ்வளவு ரூபாய் உம்முடையது என்ற பங்கும் சில தாள்களில் உண்டு. வண்டி கைமாறினால் குறித்த நாள்களுக்குள் எழுதித் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையையே நம் அன்பர் தவறவிட்டார். அவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றியவர். வாரண்டிக்கும் அதுவே போதுமென்று எண்ணிவிட்டார்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். வாங்கிய பொருளில், விற்றவர் கையில் இருந்தபோதே குறை இருந்ததெனத் தெரிந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனை ஃபிக்ஹு நூல்கள் கியாருல் ஐப் என்று கூறும். இதற்குத் தாளும் வேண்டா, தனிப் பணமும் வேண்டா. விற்பனையோடு பிறக்கும் உரிமை இது. ஆயினும் ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்ததும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் தாமதம் மட்டும் உரிமையை அழிக்காது. ஆனால் குறை தெரிந்த பின்னரும் அதைத் தம் பொருளாகவே பயன்படுத்தி வந்தால், இசைந்ததாகவே கொள்ளப்படும். அன்பர் வண்டி சாய்ந்த அன்றே விற்றவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டார், பின்னர் ஓட்டவுமில்லை. அது நல்லதாயிற்று. மூன்று மாதம் ஓட்டியதற்கு வாடகை கேட்பேன் என்று விற்றவர் கூறியதாகவும் சொன்னார். அக்காலத்தில் வண்டி அழிந்திருந்தால் நட்டம் வாங்கியவரைத்தானே சேர்ந்திருக்கும்? நட்டத்துக்குப் பொறுப்பேற்றவருக்கே பயனும் உரியது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள்.

நீட்டிப்பு வாரண்டி பற்றிய வினா எளிதன்று. கப்பல் வணிகர்கள் கட்டிவந்த காப்பீட்டுப் பணத்தைப் பற்றி, 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி, நிலையான தவணை பெறும் வணிக இன்ஷூரன்ஸ் கூடாதென்றும், பங்கேற்போர் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடுமென்றும் முடிவு செய்தது. பழுது வருமா, வந்தால் எவ்வளவு என்பது தெரியாமல் பணம் கட்டுவதில் கரர் என்னும் நிச்சயமின்மை இருக்கிறது. ஆகவே தனியே விலைக்கு விற்கப்படும் நீட்டிப்பை, பெயர் மாறிய இன்ஷூரன்ஸ் என்றே உலமாக்கள் பலர் கருதுகின்றனர். உற்பத்தியாளரே காருடன் சேர்த்து ஒரே விலையில் தருவதை அவர்கள் ஆகுமென்கின்றனர். இத்தனை சர்வீஸ், இன்னின்ன வேலை என்று எண்ணிக் குறித்த பராமரிப்பு ஒப்பந்தம் கூலிக்கு வேலை கொள்வதைப் போன்றது, அதில் தடையில்லை. என் உள்ளமும் இக்கருத்தின் பக்கமே சாய்கிறது. கார் வாங்கும்போதே பேசி, நீட்டிப்பையும் காரின் விலைக்குள் அடக்கிப் பெறுவது பேணுதலுக்கு நெருக்கமானது. மாறுபட்ட கருத்துடைய அறிஞர்களும் உளர். தத்தம் ஊர் முஃப்தியிடம் தாளைக் காட்டிக் கேட்டுக்கொள்க. தாளைக் காட்டாமல் "வாரண்டி கூடுமா?" என்று மட்டும் கேட்பதால் பயனில்லை.

நான் சொல்லாது விட்ட மூன்றாவது விடயம் எஞ்சியிருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, பால் மிகுந்ததெனக் காட்டி விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துத் திருப்பிவிடலாம் என்றார்கள். (திருப்புவது பற்றி ஹனஃபீ இமாம்களின் ஆய்வு வேறு, ஏமாற்று குற்றம் என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை.) எச்சரிக்கை விளக்கை அணைத்து விற்பதும், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும் கட்டிய மடியன்றி வேறென்ன? இதைக் கேட்ட அன்பர், "தெரியும் ஹஜ்ரத், உங்கள் வாயால் கேட்க வேண்டுமென்றிருந்தேன்" என்றார்.

மறுநாள் மாலை இருவருமாக விற்றவர் இல்லத்துக்குச் சென்றோம். "உள்ளது உள்ளபடி என்று சொல்லித்தானே விற்றேன்?" என்று அவர் கடிந்துகொண்டார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் செய்தி ஒன்றைச் சொன்னேன். இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைக்குப் பொறுப்பில்லை எனக் கூறி ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். நோய் இருந்ததாக வாங்கியவர் வழக்குரைக்க, நோய் இருந்ததை அறியாமல் விற்றேன் என்று சத்தியம் செய்யுமாறு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் பணித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அவ்வடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவர் நலமடைய, 1500 திர்ஹத்துக்கு விற்றார்கள்.

விற்றவர் நெடுநேரம் பேசவில்லை. நான் அவரைச் சத்தியம் கேட்கவுமில்லை. முடிவில், விற்பதற்கு ஒரு மாதம் முன்பே வண்டி ஒருமுறை சாய்ந்ததென்றும், வெளி ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்ததென்றும் அவரே கூறினார். வண்டியைத் திரும்பப் பெற அவரிடம் பணம் இல்லை. பழுதுச் செலவில் பாதியை இரு தவணையில் தர இசைந்தார். அன்பர் அதை ஏற்றுக்கொண்டார். விற்பவர் தனிமனிதராக இல்லாமல் வணிக நிறுவனமாக இருந்திருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டாண்டுக்குள் ஆணையத்தில் முறையிட வழியுண்டு. செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம்.

பழுது நீக்கிய பின் அன்பர் காரை விற்றுவிட்டார். விற்பனைத் தாளில் சாய்ந்த செய்தி, மாற்றிய பாகங்கள், வெளியில் செய்த சர்வீஸ், வாரண்டி மறுக்கப்பட்டது ஆகிய அனைத்தையும் தம் கையாலேயே எழுதினார். விலை குறைந்தது. தாயாரின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்.