கிடங்கில் கிடக்கும் சரக்கு தூங்குவதில்லை
பெரிய ஆலை விபத்துகள் சிறு வியாபாரிகளுக்குச் சொல்லும் பாடங்கள்



மளிகைக் கடைக்காரருக்கும் இரசாயன ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கடையின் பின்கட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் மூட்டை, கழிவறை கழுவும் ஆசிட், பினாயில், எலி மருந்து, கொசு மருந்து, தீப்பெட்டி பண்டல், கற்பூரம், எண்ணெய் டின்கள். தீபாவளி நெருங்கினால் சிலரிடம் பட்டாசும் சேரும். நம்மிடம் அளவுதான் குறைவு. பொருளின் குணம் ஒன்றுதான். பெரிய விபத்துகளை விசாரித்தவர்கள் கண்ட காரணங்கள் பல, நம் கிடங்குகளிலும் அன்றாடம் நடப்பவையே.

போபால்: செலவைக் குறைத்த இடம்

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. 'செவின்' என்ற பூச்சிமருந்தைத் தயாரிக்கப் பயன்பட்ட இடைநிலைப் பொருள் அது. 39 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும்; தண்ணீர் சேர்ந்தால் சூடேறிப் பொங்கும். அதனால் குளிரூட்டியே வைக்கவேண்டிய சரக்கு. அன்றிரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் கம்பெனி சொன்னது ஒன்று, மற்றவர்கள் சொன்னது ஒன்று. புகுந்த பிறகு தடுத்திருக்க வேண்டிய ஏற்பாடுகள் எதுவும் தடுக்கவில்லை என்பதில் மட்டும் வாதமே இல்லை.

குளிரூட்டும் இயந்திரம் அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நீக்கும் சாதனத்துக்கு அவ்வளவு வாயுவைத் தாங்கும் சக்தி இல்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளில் உறங்கியவர்களுக்கு, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்றுகூட யாரும் சொல்லி வைக்கவில்லை. இறந்தவர்கள் 3,787 பேர் என்று மாநில அரசு பின்னர் கணக்குக் கொடுத்தது. அதன்பின் நோயுற்று இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு. பாதிக்கப்பட்டோர் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆலை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களைக் குறைத்தார்கள், பராமரிப்பைக் குறைத்தார்கள். வரவு குறைந்தால் செலவைக் குறைப்பது நமக்கும் பழக்கம்தான். ஆனால் எந்தச் செலவைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக்குச் செய்யும் செலவால் என்ன பயன் என்று அன்றாடம் கண்ணுக்குத் தெரியாது; நிறுத்தினாலும் மறுநாளே நஷ்டம் தெரியாது. அதனால்தான் அதில் முதலில் கை வைக்கிறோம்.

எச்சரிக்கையும் வராமல் இல்லை. 1981 டிசம்பரிலேயே அங்கு பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஆபத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கேட்பார் இல்லை. சிறிய விபத்து என்பது பெரிய விபத்து அனுப்பும் முன்னறிவிப்பு.

இல்லாத சரக்கு கசியாது

போபாலுக்கு முன்பே டிரெவர் கிளெட்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கருத்தை வலியுறுத்தி வந்தார். ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்துக் காவல் காப்பதைவிட, சேர்த்து வைக்காமலிருப்பதே மேல்; இல்லாத பொருள் கசியாது என்பதே அவர் வாதம். நமக்கும் இது பொருந்தும். விலை ஏறும் என்று மிளகாயை, பருப்பை இருப்பு வைக்கலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரு மாத விற்பனைக்கு மேல் ஏன் வைக்க வேண்டும்?

2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட், ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்பாரற்றுக் கிடந்த சரக்கு. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகிலிருந்த மாபெரும் தானியக் களஞ்சியமும் சிதைந்தது. அதன்பிறகுதான் சென்னை மணலியில் ஐந்து ஆண்டுகளாகத் தேங்கியிருந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் ஐதராபாத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டது.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தனர். ஊரடங்கால் ஆலை நின்றிருந்தது. தொட்டியில் சரக்கு நிற்கவில்லை, உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. நாமும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கடையைப் பூட்டிவிட்டுச் செல்கிறோம். கூரை ஒழுகுகிறதா, ஈரம் எந்த மூட்டையைத் தொடும் என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

"இப்போதைக்கு இருக்கட்டும்"

1974 ஜூன் 1-இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்தனர். பழுதான ஒரு கொப்பரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தற்காலிகக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் செய்த வேலை. நம் கிடங்கில் "இப்போதைக்கு" என்று இழுத்த ஒயர் எத்தனை வருடமாகத் தொங்குகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

உணவோடு விஷம் சேர்ந்தால்

நமக்கு மிக நெருக்கமான பாடம் இதுதான். 1958-இல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஒன்றாக ஏற்றி வரப்பட்டதில், மருந்து கசிந்து மாவில் கலந்துவிட்டது. அந்தத் துயரத்தை ஒட்டி நடந்த விசாரணையின் விளைவாகவே 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருள் இருக்கும் கட்டடத்தில் பூச்சிமருந்து வைக்கக்கூடாது என்ற விதி அதன்கீழ் உள்ளது. பதிவு பெற்ற வீட்டு உபயோக மருந்துகளைச் சில்லறையில் விற்கலாம். அவற்றையும் தனியாக வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் தொல்லைக்காகப் பிறந்த விதி என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது நூறு பேர் உயிர் கொடுத்து எழுதிய விதி.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. காலி டின்னுக்கு ஐந்தோ பத்தோ கிடைக்கும் என்று நினைக்கும்போது இதை மறக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் அருகருகே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தாழ்வான அறையில் தங்கும். நெடி வந்தால் சரக்கைக் காப்பாற்ற உள்ளே ஓடாமல், ஆட்களை வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்தை (101) அழையுங்கள்.

2. ஆசிட், மருந்து வகைகளைத் தரைமட்ட அடுக்கில் தனியே வையுங்கள். அவற்றின் கீழே மாவு, அரிசி, சர்க்கரை எதுவும் இருக்கக்கூடாது.

3. மருந்து, ஆசிட் இருந்த டின், பாட்டில், சாக்கு எதையும் உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அப்படிப் பயன்படுத்துவோருக்கு விற்கவும் வேண்டாம். குளிர்பான பாட்டிலில் ஆசிட் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

4. தானியக் கிடங்குக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ஈரக்காற்று பட்டாலே அது கொல்லும் வாயுவை விடும். அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அழையுங்கள். கடைக்கு மேலேயோ பக்கத்திலோ குடும்பம் வசித்தால் இதில் சலுகையே கூடாது.

5. எது எங்கே இருக்கிறது, கொட்டினால் என்ன செய்வது என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடைப் பையனுக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள்தான் முதலில் அந்த மூட்டையைத் தொடுகிறவர்கள்.

6. சாக்கு நனைந்தது, பாட்டில் கசிந்தது, ஒயர் புகைந்தது போன்ற சிறு சம்பவங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை படித்தால் எங்கே ஆபத்து வளர்கிறது என்று தெரியும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு பலகை, ஒரு பூட்டு, ஒரு நோட்டு, அரைமணி நேரம். போன சரக்கை மறு கொள்முதலில் பிடிக்கலாம். போன உயிரை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. இந்த இதழைப் படித்து முடித்ததும் கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள்.