அலுமினியத் தகடும் அதன் ஓரமும்



இரும்போடும் செம்போடும் மனிதனுக்குள்ள உறவு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு உரியது. அலுமினியமோ நேற்று வந்த விருந்தாளி. டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானியாகிய ஏர்ஸ்டெட் அதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1825 ஆம் ஆண்டிலேயாம். அதன் பின்னரும் அறுபது ஆண்டுகள் வரை அது அரிய பொருளாகவே மதிக்கப்பட்டது. 1884 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியிலே அலுமினியத்தாலான ஒரு சிறு கூம்பகத்தை முடியாகச் சூட்டினார்கள் என்றால், அக்காலத்தில் அதற்கிருந்த மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1886 இல் அமெரிக்கரான ஹோல் என்பவரும் பிரான்சியரான ஹெரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தினால் அதனை மலிவாகப் பெறும் வழியைக் கண்டனர். இருவருக்கும் அப்பொழுது வயது இருபத்திரண்டு. அன்று தொடங்கி அலுமினியம் அடுக்களைக்கு வந்தது, கூரைக்கு ஏறியது, ஆகாயத்திலும் பறந்தது.

இத்தகைய உலோகத்தின் தகட்டைச் செப்பமாக வெட்டுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். கலைத்துறையிற் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபருக்கு இதிலென்ன அக்கறை என நேயர்களிற் சிலர் வினவக்கூடும். மாணவர் பெயர்ப்பலகை செய்கின்றனர். பூச்சாடிக்குத் தட்டம் செய்கின்றனர். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரிகள் செய்கின்றனர். அவ்வேளைகளிலெல்லாம் அவர்கள் கையில் இருப்பது அலுமினியத் தகடே. அத்தகட்டின் ஓரம் ஒரு சிறுவனின் விரலைக் கிழிக்குமா, கிழியாதா என்பது அதிபருக்கு அக்கறையில்லாத காரியமாக இருத்தல் இயலாது.

முதலில் இவ்வுலோகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஒரே அளவுள்ள இரும்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்துக்கு உண்டு. அது மென்மையானது. மென்மையானது ஆதலால் வெட்டுவதும் எளிது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மென்மையான பொருள் கருவிக்கு எதிர்த்து நில்லாது விலகிக் கொடுக்கும்; கருவியின் பற்களிலே பசைபோல ஒட்டும்; அறுபடுவதற்குப் பதிலாக இழுபடும். வாழைத்தண்டை மழுங்கிய கத்தியால் வெட்டினால் நார் நாராக இழுபடுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இன்னுமோர் இயல்பும் உண்டு. காற்றுப் பட்டவுடனே அலுமினியத்தின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிகின்றது. அதுவே அவ்வுலோகத்தை மேலும் அரிக்கப்படாது காக்கும் கவசம். ஆனால் அக்கவசத்தின் காரணமாகச் சாதாரணப் பற்றாசு அதிற் பிடிப்பதில்லை. தகரத்தைப் பிழையாக வெட்டியவர் பற்றாசு வைத்து ஒட்டிச் சமாளித்துவிடலாம். அலுமினியத்தில் அந்தச் சலுகை இல்லை. எரிவாயுச் சுடரினால் உருக்குத் தகட்டை வெட்டும் முறையும் இங்கே பயன்படாது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிட, அதன் மேலுள்ள படலமோ 2000 பாகைக்கு மேலும் உருகாது நிற்கும். ஆகவே அளவும் கோடும் கருவியும் முதலிலேயே சரியாக அமைதல் வேண்டும்.

தகடு வாங்கும்போது அதன் தடிப்பைக் கேட்டறிதல் நன்று. பழைய வழக்கப்படி கடைக்காரர் 'கேஜ்' என்னும் இலக்கத்தினாற் கூறுவதுண்டு. இலக்கம் கூடக்கூடத் தகடு மெல்லியதாகும் என்பதை மறத்தலாகாது. பிரித்தானிய முறைப்படி 18 ஆம் இலக்கத் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. 22 ஆம் இலக்கத் தகடு 0.7 மில்லிமீற்றர் அளவினது. அமெரிக்க முறையில் அதே இலக்கம் சற்றே வேறான தடிப்பைக் குறிக்கும். ஆதலின் மில்லிமீற்றரிற் கேட்டு வாங்குவதே ஐயமற்ற வழி. தடிப்போடு கடினத்தையும் பார்க்க வேண்டும். தூய அலுமினியம் கையால் வளையும். செம்பு, மகனீசியம் முதலியன கலந்த கலப்புலோகத் தகடுகள் விறைப்பானவை. இவ்விரண்டையும் ஒரே முறையில் வெட்ட முற்படுதல் தகாது.

அடுத்தது கோடிடுதல். வெட்டவேண்டிய கோட்டை எஃகு அடிமட்டமும் மூலைமட்டமும் கொண்டு, கூரிய எஃகு ஊசியினாற் கீறலாம். மடிக்கவேண்டிய கோட்டை மட்டும் ஒருபோதும் கீறலாகாது. மடிக்கும்போது கீறிய இடத்திலேயே தகடு வெடித்துவிடும். அதற்கு எழுதுகோல் வேண்டும். ஆயின் சாதாரணப் பென்சிலின் காரீயம் கரியின் ஒரு வகையாதலால், ஈரம் பட்டவிடத்து அலுமினியத்தை அரிக்கத் தூண்டும். விமானங்களைப் பழுதுபார்ப்போர் அதனைத் தம் தகடுகளின் மேற் பயன்படுத்துவதில்லை. மை எழுதுகோலே உகந்தது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் வரையுள்ள மென்தகட்டுக்குத் தகரம் வெட்டும் கத்தரிக்கோல் போதியது. விமானத் தொழிற்சாலைகளின் தேவைக்கென உருவான நெம்புகோல் அமைப்புடைய கத்தரிகள் இப்பொழுது இரும்புக் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றின் கைபிடியின் நிறத்துக்குப் பொருள் உண்டு. மஞ்சள் நேராக வெட்டுவதற்கும், சிவப்பு இடப்புறம் வளைந்து செல்வதற்கும், பச்சை வலப்புறம் வளைந்து செல்வதற்கும் உரியன. இதனை அறியாது சிவப்புக் கத்தரியை வலப்புறம் திருப்ப முயல்வோர் தகட்டையும் கசக்கிக் கையையும் நோகச் செய்வர்.

கத்தரியாற் செப்பமாக வெட்டுதற்கு இரண்டு நெறிகள் உள. ஒன்று, முதலிற் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டிக்கொண்டு, பின்னர் கோட்டின் மேல் வெட்டுதல். அகன்ற கழிவுத் துண்டு கத்தரிக்கு வழிவிடாது முரண்டும். ஒடுங்கிய கழிவோ சுருண்டு ஒதுங்கும். வேண்டிய பகுதி தட்டையாகவே இருக்கும். மற்றையது, கத்தரியின் வாயை முற்றாக மூடாதிருத்தல். நுனி சந்திக்கும் ஒவ்வோரிடத்திலும் ஒரு சிறு பல் விழும். முக்காற் பங்கு மூடியதும் கத்தரியை முன்னே தள்ளி, மீண்டும் விரித்து வெட்டிச் செல்லுதல் வேண்டும்.

நேர்கோட்டில் வெட்டுவதற்கு, கத்தரியும் இல்லாத ஒரு முறை உண்டு. விறைப்பான மெல்லிய தகட்டின் மேல் எஃகு அடிமட்டத்தை இறுக்கி வைத்து, கூரிய கத்தியினால் ஒரே கோட்டிற் பல முறை கீற வேண்டும். முதற் கீறலை மெதுவாக இடுக. அவசரப்பட்டு அழுத்தினாற் கத்தி வழி தவறும். பின்னர் கோடு மேசையின் விளிம்போடு பொருந்துமாறு தகட்டை வைத்து, மேலே ஒரு மரச்சட்டத்தை இறுக்கி, வெளியே நிற்கும் பகுதியை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்தால், அது கோட்டின் வழியே முறிந்து விழும். ஓரம் வியக்கத்தக்க அளவு நேராக இருக்கும். ஏன் அவ்வாறு முறிகின்றது? வளைக்கும் விசை முழுவதும் அந்த ஒடுங்கிய கீறலிலே குவிகின்றது. பலமுறை வளைந்த உலோகம் அவ்விடத்திற் களைத்து வெடிக்கின்றது. இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

வளைவான உருவங்களுக்கும் தடித்த தகட்டுக்கும் வாள் வேண்டும். வாளின் பற்களில் மூன்றாயினும் எந்நேரமும் தகட்டின் தடிப்பிற் பதிந்திருத்தல் வேண்டும் என்பது தொழிலாளர் அறிந்த விதி. அங்குலத்துக்கு 32 பற்களையுடைய வாளிலும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 0.8 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தகட்டில் ஒரு பல்லே பதியும். அது சிக்கிக் கொளுவித் தகட்டைக் கிழிக்கும். இதற்குப் பரிகாரம் எளியது. இரண்டு மெல்லிய பலகைகளுக்கிடையே தகட்டை வைத்து இறுக்கி, மூன்றையும் சேர்த்து அறுக்க வேண்டும். பலகை தகட்டைத் தாங்கும், பிசிரும் குறையும். வாளின் பற்களிலே மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் ஒட்டுவது பெரிதும் தணியும். நுண்ணிய உருவங்களுக்குப் பொற்கொல்லர் கையாளும் வில்வாளை வெல்லும் கருவி இல்லை.

இயந்திரங்களைப் பற்றியும் சில சொற்கள். பெரிய வேலைத்தளங்களில் நீண்ட அலகுடைய வெட்டுப்பொறி ஒரே இறக்கத்திலே தகட்டைத் துணிக்கின்றது. அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் இடையே உள்ள வெளி தகட்டின் தடிப்பில் ஒரு சிறு பங்காக அமைய வேண்டும். வெளி மிகுந்தால் ஓரம் மடிந்து பிசிர் எழும். தகட்டைச் சிறு பிறை வடிவத் துணுக்குகளாகக் கொறித்துச் செல்லும் கருவியும் உண்டு. அது இரு பக்கத்தையும் வளையாது காக்கும். ஆயினும் அத்துணுக்குகள் முள்ளைப் போலக் காலிற் குத்துமாதலால், வேலை முடிந்தவுடன் நிலத்தைக் கூட்டுதல் கட்டாயம். மின்வாளுக்கு நுண்பற்களையுடைய உலோக அலகே பொருத்தம். இரும்பைத் தேய்க்கும் சாணைச் சில்லை அலுமினியத்துக்குப் பயன்படுத்துவது மட்டும் பெருந்தவறு. மெல்லுலோகம் சில்லின் துளைகளை அடைத்துவிடும். சில்லு சூடேறி உடைந்து சிதறவும் கூடும். மேலும், அலுமினியத் தூள் தீப்பற்றும் இயல்புடையது. துருவேறிய இரும்புத் தூளோடு கலந்தால் அபாயம் இன்னும் பெரிது.

தகடு இரண்டாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டதா? இல்லை. வெட்டிய ஓரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தாற் போதாது. அதிற் பிசிர் இருக்கும், சிறு பற்கள் இருக்கும், கீறல்கள் இருக்கும். முன்னர்க் கூறிய உண்மையை இங்கே பொருத்திப் பார்ப்போம். வேண்டுமென்றே இட்ட ஒரு கீறல் தகட்டை முறிக்க வல்லதாயின், அறியாது விட்ட ஒரு கீறலும் அதனை முறிக்க வல்லதன்றோ? அசையும் விசை இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1954 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள், கொமெற் என்னும் பிரித்தானிய ஜெட் விமானம் ஒன்று, ரோமாபுரியிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்ட சிறிது நேரத்தில் எல்பா தீவுக்கு அண்மையிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு கொமெற்றும் நேப்பிள்ஸ் அருகே அவ்வாறே அழிந்தது. ஆய்வாளர் ஒரு கொமெற்றின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். ஈற்றில் அது வெடித்தது. எல்பாவில் வீழ்ந்த விமானத்தின் கூரைப்பகுதியிலும், தகட்டில் வெட்டப்பட்ட ஒரு திறப்பின் மூலைக்கு அண்மையில், தறையாணித் துவாரம் ஒன்றின் ஓரத்திலே களைப்பு வெடிப்புக் காணப்பட்டது. பொறியியலாளர் எதிர்பார்த்ததிலும் மிகுந்த தகைப்பு அத்தகைய மூலைகளிலே குவிந்திருந்தது. வலிய விமானம் ஒன்று அலுமினியத் தகட்டின் ஓரத்திலிருந்து அழியத் தொடங்கிற்று என்பதே இதன் சாரம்.

நமது பெயர்ப்பலகை ஆகாயத்திற் பறக்கப்போவதில்லை. எனினும் காற்றில் அதிரும் கூரைப்பீலிக்கும், நாள்தோறும் குலுங்கும் வண்டித் தகட்டுக்கும் அதே விதியே. ஆகவே உள்மூலைகளைக் கூர்மையாக வெட்டலாகாது. முதலில் மூலையில் துறப்பணத்தினால் ஒரு வட்டத் துவாரம் இட்டு, இரு வெட்டுக்களும் அத்துவாரத்தில் வந்து முடியுமாறு செய்தல் வேண்டும். துளையிடும்போது தகட்டின் கீழே மரத்துண்டை வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்குதல் அவசியம். கையாற் பிடித்துத் துளைத்தால், துறப்பணம் தகட்டைக் கொளுவிச் சுழற்றிவிடும்; சுழலும் தகடு கத்திக்கு ஒப்பானது.

பின்னர் நுண்ணிய அரத்தினால் ஓரத்தின் நெடுக்காகத் தேய்த்து, கீறல்கள் மறையும் வரை மட்டமாக்குக. அரத்திலே முன்னரே சுண்ணக்கட்டியைப் பூசிக்கொண்டால் அலுமினியத் தூள் பற்களில் அடையாது. இரு முகங்களின் விளிம்புகளையும் சற்றே சரிவாக அராவி, மெல்லிய உரத்தாளினால் முடித்தல் நன்று. தகட்டைத் தூக்கும்போது தோற்கையுறை அணிக. சுழலும் துறப்பணத்துக்கு அருகில் அதனைக் கழற்றிவிடுக, ஏனெனில் கையுறை சிக்கினாற் கையும் சிக்கும். கண்ணுக்குக் காப்பு எப்பொழுதும் வேண்டும்.

எமது பாடசாலைத் தொழிற்கூடத்திலே ஒரு விதி உண்டு. வேலையைக் கொணரும் மாணவன், புள்ளி கேட்பதற்கு முன்னர், அதன் ஓரம் முழுவதையும் ஒரு பஞ்சுத் துண்டாற் சுற்றித் துடைத்துக் காட்ட வேண்டும். பஞ்சின் இழை ஓரிடத்தில் மாட்டினாலும் அரம் மீண்டும் அவன் கைக்குப் போகும். மாணவர் முதலில் இதனைக் கடுமையென முணுமுணுப்பர். ஒரு மாத காலத்தில், நாம் சொல்லாமலே பஞ்சைத் தேடுவர்.

கைத்தொழிலைக் கல்விக்குப் புறம்பானதாகக் கருதுவோர் இன்றும் உளர். கட்டுரையில் எழுத்துப் பிழையைத் திருத்துவதும் தகட்டிற் பிசிரை அராவுவதும் ஒரே ஒழுக்கத்தின் இரு வடிவங்கள் என்பதை அவர்கள் சிந்திப்பாராக. அலுமினியத் தகட்டை எவரும் வெட்டிவிடலாம். அதனை அடுத்து ஏந்தப்போகும் கைக்குத் தீங்கு நேராத வண்ணம் வெட்டுபவனே தொழில் கற்றவன்.